ஓடுங்கள்... ஆகாயத்தில் மிதக்கலாம்!

மலை உச்சியில் ஒரு புல் சரிவு. அதில் இரண்டு பேர் வேகமாக ஓடுகிறார்கள். ஒருவர் முன்னால். இன்னொருவர் அவர் முதுகை ஒட்டினாற்போலப் பின்னால். சரிவு முடிகிற இடத்தில் தரை இல்லை. கிடுகிடு பள்ளம்!

பார்ப்பவர்களுக்கு, "ஐயோ! நில்லுங்கள்!" என்று கத்தத் தோன்றும்.

ஆனால் அவர்கள் நிற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு எட்டு வைக்கிறார்கள். கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. அவர்கள் விழவில்லை. மிதக்கிறார்கள்! தலைக்கு மேலே பிறைச் சந்திரன் போல வளைந்த ஒரு பெரிய துணி இறக்கை அவர்களைத் தாங்கிக்கொண்டு போகிறது.

இதற்குப் பெயர் பாராகிளைடிங். இயந்திரம் கிடையாது. பெட்ரோல் கிடையாது. துணியும், நூலும், காற்றும்தான். இவற்றைக்கொண்டு மனிதன் பருந்தைப் போலப் பறக்கிறான்.

இந்தக் காட்சியைக் காண வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, இமயமலைச் சாரலில், பீர் என்ற சிற்றூரில் காணலாம். (பெயரைக் கேட்டு யாரும் வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம். அது ஊரின் பெயர்தான்!)

பீர் எங்கே இருக்கிறது?

ஹிமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா என்று ஒரு மாவட்டம். அதன் வடக்கே தவளாதார் மலைத்தொடர் மதில் சுவர் போல நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் முகடுகள் வெள்ளை வெளேர் என்று பனியால் மூடிக் கிடக்கும். அந்த மலையின் காலடியில் இருப்பது பீர். பீருக்கு மேலே, மலை மீது இருக்கும் புல்வெளியின் பெயர் பில்லிங்.

பில்லிங் சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. பீர் அதைவிடச் சுமார் 3,000 அடி கீழே. பீரிலிருந்து பில்லிங்குக்கு 14 கிலோ மீட்டர் மலைப் பாதை. வளைந்து வளைந்து ஜீப்பில் ஏற வேண்டும். ஏறுவது ஜீப்பில். இறங்குவது ஆகாயத்தில்! இதுதான் அங்கே வேடிக்கை.

பீருக்குப் பக்கத்தில் அஹ்ஜு என்ற சின்ன ரயில் நிலையம் உண்டு. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோ மீட்டர் போகும் குட்டி ரயில் பாதையில் அது இருக்கிறது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். ஜோகிந்தர்நகரில் நீர் மின்சார நிலையம் கட்டுவதற்குச் சாமான்கள் கொண்டுபோகப் போட்ட பாதை அது. 1929-ல் திறந்தார்கள். 2022 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து, பதான்கோட்டுக்கு அருகே சக்கி ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் ரயிலில் போக ஆசைப்படுபவர்கள், எதுவரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். டெல்லியிலிருந்து பஸ்ஸில் இரவு முழுவதும் பிரயாணம் செய்தும் பீருக்குப் போகலாம்.

ஊரும் மக்களும்

பீர் சிறிய ஊர்தான். ஆனால் அங்கே பல உலகங்கள் சேர்ந்து வாழ்கின்றன.

தேயிலைத் தோட்டங்கள் உண்டு. காங்க்ரா தேயிலைக்குத் தனிப் பெயர் உண்டு. ஆடு மேய்க்கும் கத்தி இன மக்கள் உண்டு. கோடைகாலத்தில் அவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு உயரமான கணவாய்களைக் கடந்து போவார்கள். குளிர் வந்ததும் கீழே இறங்குவார்கள்.

திபெத்திய மக்களும் உண்டு. 1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவரைப் பின்பற்றி வந்த அகதிகளில் ஒரு பகுதியினர் 1960-களில் பீரில் குடியேறினார்கள். அவர்கள் கட்டிய புத்த மடங்கள் வண்ண வண்ணமாக நிற்கின்றன. கடைத்தெருவில் மோமோ என்ற கொழுக்கட்டையும், துக்பா என்ற சூடான சேமியாக் கஞ்சியும் கிடைக்கும். பக்கத்தில் உள்ள பைஜ்நாத்தில் பழைமையான சிவன் கோவில் இருக்கிறது.

இத்தனைக்கும் மேலே, எந்த நேரமும் ஆகாயத்தில் வண்ணக் குடைகள்! 2015 அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. இந்தியாவில் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்தது அதுவே முதல் தடவை. 2024 நவம்பரில் மறுபடியும் நடந்தது.

பணம் மிச்சம் பிடிக்கப் பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது.

பிரான்சு நாட்டில், ஆல்ப்ஸ் மலையில், மியூசி என்று ஒரு சிறிய ஊர். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ழான் குளோட் பெதாம், ஆந்த்ரே போன், ழெரார் போசோன் என்பது அவர்கள் பெயர். மூவரும் பாராசூட் வீரர்கள். விமானத்திலிருந்து குதித்து, தரையில் குறித்த இடத்தில் சரியாக இறங்குவது அவர்களுடைய போட்டி.

அதற்குப் பயிற்சி செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டுப்படியாகுமா?

"விமானம் எதற்கு? மலைதான் இருக்கிறதே! அதன் மேலிருந்து ஓடிப் புறப்பட்டால் என்ன?" என்று நினைத்தார்கள்.

1978 ஜூன் 25-ந் தேதி மலைச் சரிவில் பாராசூட்டை விரித்தார்கள். ஓடினார்கள். முதலில் பெதாம் கொஞ்ச தூரம் பறந்தார். அவருக்குப் பின் போன் கிளம்பினார். அவர் 1,000 மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் இருந்த கால்பந்து மைதானத்தில் போய் இறங்கினார்!

அன்று தொடங்கியது இந்த விளையாட்டு. இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. 2021-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒருவர் ஒரே மூச்சில் 600 கிலோ மீட்டருக்கு மேல் பறந்தார். ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலி தூரம். அதுவும் இயந்திரம் இல்லாமல்!

துணி எப்படித் தாங்குகிறது?

"துணி மனிதனைத் தாங்குமா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஒரு தலையணை உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயைக் காற்று வரும் திசையில் விரித்துப் பிடியுங்கள். காற்று உள்ளே புகுந்து, உறை 'டம்' என்று உப்பிவிடும். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். இப்படிப் பல உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் பாராகிளைடர். மேலே ஒரு துணி. கீழே ஒரு துணி. நடுவில் அறை அறையாகத் தடுப்பு. முன்பக்கம் திறந்த வாய். 1964-ல் டோமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்யும் நிபுணர் அமெரிக்காவில் கண்டுபிடித்த முறை இது.

குடை முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் வரையில் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இறக்கை விறைப்பாக நிற்கும். அதனால்தான் கிளம்பும்போது ஓட வேண்டியிருக்கிறது. ஓடினால்தான் காற்று புகும். காற்று புகுந்தால்தான் இறக்கை. இறக்கை இருந்தால்தான் உயிர்!

இரண்டு பேர் சேர்ந்து பறக்கும் குடை சுமார் 40 சதுர மீட்டர் இருக்கும். நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. ஆனால் மடித்தால் ஒரு முதுகுப் பைக்குள் அடங்கிவிடும்.

பருந்துதான் குரு!

குடை எப்போதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் சிலர் மணிக்கணக்காகப் பறப்பது எப்படி?

அடுப்பின் மேல் புகை எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்கள். சூடான காற்று மேலே போகும். அதே போல, வெயில் பட்டு மலைச் சரிவு சூடாகிறது. அதை ஒட்டிய காற்றும் சூடாகி, தூண் போல மேலே எழும்புகிறது. இந்தத் தூணுக்குள் நுழைந்து வட்டம் போட்டால், காற்றோடு குடையும் மேலே ஏறும்.

பருந்தும் கழுகும் இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வது இதே தந்திரத்தால்தான். பீரில் பறப்பவர்கள் முதலில் கழுகு எங்கே சுற்றுகிறது என்று பார்க்கிறார்கள். அங்கே போய் அதன் பக்கத்தில் தாங்களும் சுற்றுகிறார்கள். கழுகு கோபித்துக்கொள்வதில்லை!

தவளாதார் மலையின் தெற்குச் சரிவில் வெயில் நன்றாக விழும். அதனால் அங்கே இந்தக் காற்றுத் தூண்கள் அதிகம். அவற்றில் ஏறி ஏறி, தர்மசாலா வரை பறந்துவிட்டுத் திரும்பும் வீரர்களும் உண்டு. இதுதான் பீருக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது.

நான்கு நண்பர்கள்

நம் ஊர் இளைஞர்கள் நான்கு பேர் பீருக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவன் துணிச்சல்காரன். ஒருவன் கணக்குப் பார்ப்பவன். ஒருவன் கேலி பேசுபவன். நான்காமவன் மொட்டை மாடிச் சுவர் ஓரத்தில் நிற்கவே கால் நடுங்குபவன்.

முதல் நாள் மத்தியானம் பில்லிங் போய்ச் சேருகிறார்கள். குடையை ஓட்டுபவருக்குப் பைலட் என்று பெயர். அவர் மலையைப் பார்க்கிறார். முகட்டின் மேல் கருமேகம் திரள்கிறது. கம்பத்தில் கட்டிய துணிக்குழாய் அங்கும் இங்கும் துள்ளுகிறது.

"இன்றைக்கு இல்லை. நாளைக் காலையில் பார்க்கலாம்" என்கிறார் பைலட்.

"என்னங்க இது? ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டோமே!" என்கிறான் கணக்குப் பார்ப்பவன்.

"டிக்கெட் பணம் போனால் மறுபடியும் சம்பாதிக்கலாம்" என்கிறார் பைலட். குடையைச் சுருட்டத் தொடங்கிவிடுகிறார்.

அப்போது வேறொருவன் அருகில் வருகிறான். "நான் கூட்டிப் போகிறேன். பணமும் குறைச்சல். இப்போதே கிளம்பலாம்" என்கிறான். லைசென்ஸைக் காட்டச் சொன்னால், "கீழே அறையில் இருக்கிறது" என்கிறான்.

கேலிக்காரன் நண்பர்களைப் பார்க்கிறான். "என்னடா, பயமா? இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பஸ்ஸில் திரும்பிப் போய் என்ன சொல்லப் போகிறீர்கள்?"

இதுதான் அபாயமான நிமிஷம்! மலை உச்சியில் வரும் அபாயத்தைவிட இது பெரியது. ஒருவன் தனியாக இருந்தால் யோசிப்பான். நண்பர்கள் கூட்டத்தில் இருக்கும்போது, "கோழை" என்ற சொல்லுக்குப் பயந்து எதற்கும் தலையாட்டிவிடுவான்.

மேகம் விழுங்கிய பெண்

கருமேகத்தைக் கண்டு பைலட் ஏன் பயப்பட வேண்டும்? உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

எவா விஸ்னியெர்ஸ்கா என்ற பெண்மணி ஜெர்மனி நாட்டுக் குழுவைச் சேர்ந்த பாராகிளைடிங் வீராங்கனை. 2007 பிப்ரவரி 14-ந் தேதி அவர் ஆஸ்திரேலியாவில் மனிலா என்ற ஊருக்கு அருகே பறந்துகொண்டிருந்தார். பெரிய போட்டிக்காகப் பயிற்சி.

திடீரென்று இடிமேகம் திரண்டது. அதன் அடியில் எழும் காற்று மிகவும் வேகமானது. அது எவாவை உறிஞ்சி மேலே இழுத்தது. அவர் என்ன செய்தும் இறங்க முடியவில்லை. மேலே, மேலே, மேலே போய்க்கொண்டே இருந்தார். 9,946 மீட்டர்! எவரெஸ்ட் சிகரத்தைவிட 1,000 மீட்டருக்கு மேல் உயரம்!

அங்கே மூச்சுவிடப் போதுமான காற்று கிடையாது. எலும்பை உறைய வைக்கும் குளிர். உடம்பின் மேல் பனிக்கட்டி படிந்தது. எவா மயங்கிவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் நினைவில்லை. குடை மட்டும் தானாகவே மிதந்துகொண்டிருந்தது.

கீழே வந்தபின் நினைவு திரும்பியது. எப்படியோ குடையைப் பிடித்துத் தரை இறங்கினார். அவர் பிழைத்தது பெரிய அதிசயம். அதே மேகத்தில் சிக்கிய சீன நாட்டு வீரர் ஒருவர் பிழைக்கவில்லை.

எவா கற்றுக்குட்டி அல்ல. உலகப் போட்டிக்குப் போனவர். அவருக்கே இந்தக் கதி என்றால், விடுமுறைக்கு வந்தவர்கள் எம்மாத்திரம்? "இன்றைக்கு இல்லை" என்று சொல்லும் பைலட் பணத்தை இழக்கிறார். ஆனால் இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பீரிலும் விபத்துக்கள் நடந்திருக்கின்றன. 2024 அக்டோபரில் இரண்டு குடைகள் ஆகாயத்தில் மோதிக்கொண்டன. பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் உயிர் இழந்தார்.

அதற்கு முன்பே, 2022 ஜனவரியில், ஹிமாசலப் பிரதேச ஐகோர்ட்டு இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. மாநிலம் முழுவதும் பாராகிளைடிங்கை நிறுத்தி வைத்தது. கருவிகளையும் அனுமதிச் சீட்டுகளையும் சோதிக்க உத்தரவிட்டது. பிறகுதான் மறுபடியும் தொடங்கியது.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பறக்கத் தடை. அது மழைக்காலம். அக்டோபரும் நவம்பரும் பறக்க நல்ல மாதங்கள். பயணிகளை ஏற்றிப் பறப்பவர் மாநிலச் சுற்றுலாத் துறையிடம் பதிவு செய்து அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

மறுநாள் காலை

நம் நண்பர்கள் கதைக்கு வருவோம். கணக்குப் பார்ப்பவனே கடைசியில் சரியாகக் கணக்குப் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். "லைசென்ஸ் இல்லாதவனோடு போக நான் தயார் இல்லை. பஸ் டிக்கெட் நஷ்டம் என் கணக்கு" என்று சொல்லிவிட்டான். நால்வரும் ஜீப்பில் கீழே இறங்கினார்கள்.

மறுநாள் பளிச்சென்று வெயில். இளங்காற்று. பைலட் சிரிக்கிறார். துணிச்சல்காரனுக்குத் தலைக்கவசம் மாட்டுகிறார். மார்புப் பட்டை, இரண்டு கால் பட்டைகள். மூன்றையும் இழுத்துப் பார்க்கிறார்.

"நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு. நான் 'ஓடு' என்றால் ஓடுங்கள். நான் 'உட்கார்' என்று சொல்லும் வரை உட்காராதீர்கள்!"

தரை நழுவுகிறது. வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறந்தது போல ஒரு நிமிஷம். அப்புறம் அமைதி. காதில் காற்றின் ஓசை. பைலட்டிடம் ஒரு சிறு கருவி. குடை மேலே ஏறினால் அது 'பீப் பீப்' என்கிறது. கீழே தேயிலைத் தோட்டம் பச்சைப் பாய் போலத் தெரிகிறது. புத்த மடத்தின் கூரை தீப்பெட்டி போலத் தெரிகிறது. கால் மணி முதல் அரை மணி நேரத்தில் பீர் மைதானத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

கணக்குப் பார்ப்பவனும் பறந்தான். கேலிக்காரனும் பறந்தான். புல்வெளியில் இறங்கிய பின் கால் மணி நேரம் அவன் வாயைத் திறக்கவில்லை!

நான்காமவன்? பட்டையைக் கட்டிக்கொண்டு சரிவின் ஓரம் வரை போனான். பார்த்தான். "எனக்கு வேண்டாம், சார்" என்றான்.

பைலட் ஒரு வார்த்தையும் பேசாமல் பட்டையை அவிழ்த்துவிட்டார். "நல்லது. அரை மனதோடு ஓடுகிறவர் பாதியில் நின்றுவிடுவார். அப்புறம் இரண்டு பேருக்கும் ஆபத்து" என்றார்.

முந்தின நாள் கேலி பேசிய நண்பன் அன்று கேலி பேசவில்லை. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து மோமோ சாப்பிட்டார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலிருந்து யாராவது பறக்கப் போனால், பெரியவர்கள் இந்த வார்த்தைகளைச் சொல்லி அனுப்பலாம்:

பைலட்டின் அனுமதிச் சீட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். நல்ல பைலட் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவசரத்துக்கு விரியும் இரண்டாவது பாராசூட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கால் பட்டை இரண்டும், மார்புப் பட்டையும் மாட்டியிருக்கிறதா என்று தாங்களே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எடையை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு குடைக்கும் தாங்கும் அளவு உண்டு.

இருதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் போகக் கூடாது. மது அருந்தியவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

நுனிக்கட்டையான கயிற்றுச் செருப்பு, ஹை ஹீல்ஸ் கூடாது. கால் முழுவதும் மூடும் ஷூ வேண்டும்.

பயணத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். மேகம் நம்முடைய பஸ் நேரத்தைப் பார்த்துக் கலைவதில்லை!

கடைசியாக ஒன்று. பைலட் "வேண்டாம்" என்றால் வற்புறுத்தக் கூடாது. நண்பன் "வேண்டாம்" என்றாலும் வற்புறுத்தக் கூடாது. மலை எங்கும் ஓடிப்போகாது. அடுத்த அக்டோபரிலும் அது அங்கேதான் இருக்கும்.